மட்டை முள்ளில் தொடங்கி ஐந்து மாதம்: என் மோட்டாருக்கு ஸ்போர்ட் ரிம் பூட்டிய கதை

நான் இருப்பது மலேசியாவின் பேராக்கில், சுங்கை சிப்புட்டில். ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் பத்து நிமிடத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் வந்துவிடும். என்னிடம் இருப்பது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மோட்டார் சைக்கிள், 2021-இல் புது எஞ்சினோடு வெளிவந்த தலைமுறை. பார்க்கப் பழைய காலத்து மோட்டார் மாதிரி இருக்கும். முன்னால் 19 அங்குலம், பின்னால் 18 அங்குலம், கம்பி ரிம், உள்ளே டியூப். அப்பா ரப்பர் பால்வெட்டுக் காலத்தில் ஒரு ஹோண்டா கப்சாயில் (சின்ன மோட்டார் சைக்கிளில்) எங்கள் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு லயத்து வீட்டிலிருந்து டவுனுக்கு வருவார். அந்த நினைப்பு இன்னும் விட்டுப் போகாததால்தான் இப்படி ஒரு மோட்டார் வாங்க வேண்டும் என்று பத்து வருடம் காசு சேர்த்தேன். அதனால் இந்த வண்டியில் எது நடந்தாலும் எனக்கு உறைக்கும்.

போன வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிந்தாங் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அத்தையைப் பார்த்துவிட்டு, பின்னால் மகளை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். மழை விட்ட நேரம். டிராக்டரிலிருந்து விழுந்த மட்டைத் துண்டு ஒன்று செம்மண் சாலையில் கிடந்தது. செம்பனை மட்டையின் அடிப்பகுதியில் இருக்கும் முள்ளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆணிக்குச் சளைத்ததில்லை. பின் டயரில் ஏறியது, டியூப் ஒரே மூச்சில் காற்றை விட்டது, வண்டியின் பின்பக்கம் இரண்டு தடவை ஆடியது. விழவில்லை. ஆனால் 195 கிலோ மோட்டாரை, காற்றில்லாத டயரோடு, இருட்டும் நேரத்தில், ஆறு வயதுப் பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு நாலு கிலோமீட்டர் தள்ளினேன். அவள் அழவில்லை. நான்தான் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தேன். அன்று இரவே முடிவு செய்துவிட்டேன், டியூப் இல்லாத டயர் போட வேண்டும் என்று.

இதில் முதல் விஷயம், சாதாரணக் கம்பி ரிம்மில் டியூபை மட்டும் எடுத்துவிட்டு டியூப்லெஸ் டயர் போட முடியாது. ஒவ்வொரு கம்பிக்கும் ரிம்மில் ஒரு துளை இருக்கிறது, காற்று அந்த வழியாகப் போய்விடும். டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் வடிவமும் எல்லா ரிம்மிலும் இருக்காது. ஆகவே வார்ப்பு அலுமினிய ரிம், நம் ஊரில் சொல்கிற ஸ்போர்ட் ரிம், வாங்கத்தான் வேண்டும். அதில் முள் குத்தினால் பெரும்பாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமல் சாலையோரத்திலேயே ரப்பர் திரி வைத்து அடைத்துவிட்டு வீடு வந்து சேரலாம். தோட்டச் சாலையில் ஓட்டுகிறவனுக்கு இது அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை.

புது செட் விலை கேட்டேன், 2,400 வெள்ளி (ரிங்கிட்) சொன்னார்கள். எனக்கு அது அதிகமாகப் பட்டது. அப்புறம் இணையத்தில் தேடினேன். கிள்ளான் பக்கம் ஒருவர் பழைய செட் ஒன்றை 950 வெள்ளிக்குப் போட்டிருந்தார். "கிளாசிக் 350-க்கு அப்படியே பூட்டலாம், ஒன்றும் மாற்ற வேண்டாம்" என்று எழுதியிருந்தார். ஆறு படம், எல்லாம் இரவில் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவை, புதுக் கறுப்புப் பெயிண்டு பளபளவென்று. நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி விலை குறையுமா என்பதுதான். குறையாது என்றார், அன்றே வங்கியில் பணம் போட்டுவிட்டேன். அனுப்பும் கூலி 80 வெள்ளி.

அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டியவை வேறு. எந்த ஆண்டு வண்டியிலிருந்து கழற்றியது? ஏனென்றால் கிளாசிக் 350 என்ற பெயர் ஒன்றுதான், 2021-க்கு முந்தியதும் பிந்தியதும் வேறு வேறு வண்டி. பழையதில் முன் பிரேக் டிஸ்க் 280 மில்லிமீட்டர், பின்னால் 240. புதியதில் 300, 270. சட்டகம், எஞ்சின், பின் சக்கரத்தைத் தாங்கும் பின் கை எல்லாமே மாறிவிட்டது. இரண்டாவது, ஏன் பெயிண்டு புதிதாக அடித்திருக்கிறீர்கள்? பழைய ரிம் ஒன்று கீறலோடு, மங்கிப்போன பெயிண்டோடு இருந்தால் அதன் கதையை நாமே படிக்கலாம். விற்பதற்கு முந்தின வாரம் பெயிண்டு அடித்த ரிம்மில் எதையும் படிக்க முடியாது. மூன்றாவது, ஸ்பேசர் (அச்சில் இடைவெளியை நிரப்பும் வளையம்), பேரிங் குழாய், பின் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதியின்) உள்ளே இருக்கும் ரப்பர், இவையெல்லாம் சேர்ந்து வருகிறதா? நான்காவது, பகலில், ரிம்மைத் தரையில் வைத்து ஹப்பை மட்டும் கிட்டத்தில் எடுத்த படம் வேண்டும். இந்த நாலையும் கேட்டிருந்தால் அவரே வேறு ஆளைத் தேடியிருப்பார்.

பெட்டி ஐந்தாம் நாள் வந்தது. திறந்து பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை, வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சந்தோஷத்திலேதான் பெரிய தப்பைச் செய்தேன். வண்டியில் ஒரு முறைகூட வைத்துப் பார்க்காமல், அளவு எடுக்காமல், மறுநாளே ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன், பவுடர் கோட்டிங் செய்ய. எனக்குச் செம்பு நிறம் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இரண்டுக்கும் 320 வெள்ளி. மணல் வீசிப் பழைய பெயிண்டை எடுத்து, பொடி தூவி, அடுப்பில் வைத்துத் தருவார்கள். பத்து நாளில் கிடைத்தது. வண்ணம் அருமை. கண்ணை எடுக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் மச்சானும் நானும் பூட்ட உட்கார்ந்தோம். முன் ரிம்மில் பேரிங் உள்ளே போகவில்லை. என்ன நடந்தது என்றால், கோட்டிங் கடையில் பேரிங் உட்காரும் குழியை அடைக்காமலே பொடி தூவியிருக்கிறார்கள். டிஸ்க் உட்காரும் முகம், போல்ட் துளை, வால்வு துளை, எல்லா இடத்திலும் செம்பு நிறம். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தடிமன் இருக்கும். குழியின் இரண்டு பக்கமும் சேர்த்தால் விட்டம் 0.1 முதல் 0.2 மில்லி வரை குறைந்துவிடும். பேரிங் பொருத்தம் என்பது மில்லியில் நூற்றில் ஒரு பங்கு கணக்கில் நடக்கும் விஷயம். நான் இதெல்லாம் தெரியாமல், பக்கத்துப் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே சுத்தியலால் அடித்தே உள்ளே இறக்கினார்கள். இறங்கியது. சுற்றிப் பார்த்தால் விரலுக்குக் கடகடவென்று தட்டுப்பட்டது. புதுப் பேரிங், 60 வெள்ளி, ஓடாமலே கெட்டது.

டிஸ்க் உட்காரும் முகத்தில் கோட்டிங் இருப்பது பேரிங்கைவிட ஆபத்து. போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அடியில் இருப்பது பிளாஸ்டிக் மாதிரியான ஒரு படலம். பிரேக் சூட்டில் அது நசுங்கும், நசுங்கினால் போல்ட்டின் இறுக்கம் போய்விடும். டிஸ்க்கும் நேராக உட்காராது. கோட்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால், எங்கெங்கே வெறும் உலோகமாக இருக்க வேண்டும் என்பதை மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டு, படம் எடுத்து, அவர்கள் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுக் கொடுங்கள். பேரிங் குழி, டிஸ்க் முகம், பல்சக்கரம் உட்காரும் முகம், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வளையம் உட்காரும் இடம், டயர் விளிம்பு உட்காரும் இடம். வாயால் சொன்னால் கடை முதலாளிக்குத்தான் போகும், பொடி தூவுகிற ஆளுக்குப் போகாது.

பின் ரிம் கதை இன்னும் மோசம். முன் ரிம் என் வண்டிக்கானதுதான், ஆனால் பின் ரிம் பழைய தலைமுறை வண்டியினுடையது. இரண்டு வெவ்வேறு வண்டியின் ரிம்மை ஒரே பெயிண்டு அடித்து ஒரு செட்டாக விற்றிருக்கிறார். ஹப்பின் அகலம் ஒத்துவரவில்லை, அச்சும் ஸ்பேசரும் ஒத்துவரவில்லை. விற்றவருக்குப் போன் அடித்தேன். முதல் இரண்டு நாள் எடுத்தார், "கடைசல் பட்டறையில் ஒரு ஸ்பேசர் செய்தால் போதும் பிரதர்" என்றார், அதற்கப்புறம் எடுக்கவில்லை. எனக்கும் பணம் போட்டாகிவிட்டது, பெயிண்டு அடித்தாகிவிட்டது, திரும்பிப் போக மனசு வரவில்லை. கடைசல் பட்டறையில் 90 வெள்ளிக்கு இரண்டு ஸ்பேசர் கடைந்து வாங்கினேன். ஒரு ஜோடி புது டயர் 480 வெள்ளி. எல்லாம் பூட்டி முடித்தபோது தீபாவளி வந்துவிட்டது. படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலை தனியாக ஓட்டிப் பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முதல் பிரேக் காலியாகப் போனது. சக்கரத்தைக் கழற்றிப் பூட்டும்போது பிரேக் பேடுகள் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், நாலைந்து தடவை பிரேக்கை அமுக்கி அவற்றை டிஸ்க்கோடு சேர்த்த பிறகுதான் வண்டியை நகர்த்த வேண்டும். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. வாசல் சரிவில் இறங்கி, பக்கத்து வீட்டுக் காடிக்கு (காருக்கு) ஒரு முழம் தூரத்தில் நின்றேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் பெரிய சாலைக்குப் போனேன். ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. அறுபதைத் தொட்டதும் கைப்பிடி இரண்டு பக்கமும் உதறத் தொடங்கியது. எதிரே பழக்குலை ஏற்றிய லோரி வந்தது, பின்னால் ஒரு காடி ஒட்டிக்கொண்டு வந்தது. பிரேக்கை அமுக்கினால் லீவர் விரலில் துடித்தது. அந்த ஒரு நிமிடத்தில் என் கையில் இருந்த பயம் இரண்டு நாள் போகவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி, டிஸ்க்கின் அருகில் கையைக் கொண்டுபோனால் அனல் அடித்தது. ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்து, துணியைப் போட்டு மூடிவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் அப்பாவின் பழைய கூட்டாளி வீட்டுக்கு வந்தார். எண்ணெய் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் பிட்டராக (இயந்திரம் பழுதுபார்ப்பவராக) இருந்து ஓய்வு பெற்றவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். மூடியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்தார். "ஏன்டா தம்பி, அளவு எடுத்துட்டுப் பெயிண்டு அடிச்சியா, பெயிண்டு அடிச்சிட்டு அளவு எடுத்தியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "கழற்றிக் கொண்டாந்து என் கொட்டகையில போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் செய்த முதல் வேலை அளவு. சக்கரத்தை அச்சில் ஏற்றி, டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவியை) ரிம் விளிம்பில் தொடும்படி வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முன் ரிம் பக்கவாட்டில் 0.6 மில்லி ஆடியது, பரவாயில்லை. பின் ரிம் 3.4 மில்லி. பல ஜப்பானிய மோட்டார்களின் வேலைக் கையேட்டில் பக்கவாட்டிலும் மேல்கீழிலும் 2 மில்லிதான் எல்லை. டயல் கேஜ் இல்லாதவர்கள் வண்டியிலேயே செய்து பார்க்கலாம். நடு ஸ்டாண்டு போட்டு, பின் கையில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனி ரிம் விளிம்பைத் தொடாமல் தொடுகிற மாதிரி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி எங்கே கூடிக் குறைகிறது என்று கண்ணுக்கே தெரியும். இதற்குப் பத்து நிமிடம், செலவு பூஜ்யம். பெட்டி வந்த அன்றைக்கே நான் இதைச் செய்திருந்தால் பின் ரிம்மின் கதை அன்றே முடிந்திருக்கும். நான் கடைந்து போட்ட ஸ்பேசரும் சக்கரத்தை நடுவிலிருந்து 4 மில்லி தள்ளி வைத்திருந்தது, செயினும் கோணலாக ஓடியிருக்கிறது.

அப்புறம் பெயிண்டை எடுக்க வேண்டும் என்றார். 320 வெள்ளிப் பெயிண்டு. எனக்கு மனசே இல்லை. "பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியாம உன் பிள்ளையைப் பின்னால வைப்பியா?" என்றார். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை. யாரோ எனக்குக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சீக்கிரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள், அதைச் சொன்னதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. காஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்னும். இரும்புச் சாமானுக்குச் செய்வதை அலுமினிய ரிம்முக்குச் செய்யக் கூடாது. பெயிண்டு உரிக்கும் ஜெல் வாங்கி, கையுறை போட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தோம், 45 வெள்ளி. பவுடர் கோட்டிங் சாதாரணப் பெயிண்டு மாதிரி லேசில் வராது, மூன்று தடவை பூசிப் பூசி இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

பின் ரிம்மின் ஒரு கை (விளிம்பையும் ஹப்பையும் இணைக்கும் தண்டு) ஹப்போடு சேரும் இடத்தில், காடியில் பள்ளத்தை நிரப்பப் பூசுகிற பட்டி வெளியே வந்தது. கோட்டிங் கடையில் மணல் வீசியும் அந்த மூலையில் அது போகவில்லை. பட்டியைச் சுரண்டிய பிறகு வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மில்லில் ஷாஃப்ட்டுகளைச் சோதிக்க மூன்று டப்பா வைத்திருப்பார்கள், சுத்தம் செய்வது, சிவப்புச் சாயம், வெள்ளைப் பொடி. அதை 110 வெள்ளிக்கு வாங்கினோம். முதலில் நன்றாகத் துடைத்து, சாயத்தை அடித்து, பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டோம். அப்புறம் சாயத்தைத் துணியில் சுத்தம் செய்யும் திரவத்தை நனைத்துத்தான் துடைக்க வேண்டும், ரிம்மின் மேலேயே நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப் போய்விடும். கடைசியாக வெள்ளைப் பொடியை மெல்லிதாக அடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த மூலையில் தலைமுடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது, சுண்டுவிரல் நீளம். நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. இதே சக்கரத்தில்தான் நான் அறுபதில் போனேன்.

மாமா சொன்ன இன்னொன்றையும் கட்டாயம் எழுத வேண்டும். மணல் வீசினால் விரிசலின் வாய் நசுங்கி மூடிக்கொள்ளும், அப்புறம் சாயம் உள்ளே போகாமல் நல்ல ரிம் மாதிரியே காட்டும். என் ரிம்மில் பட்டி மூடியிருந்ததால் அந்த இடம் மட்டும் தப்பித்திருக்கிறது. ஆகவே விரிசல் சோதனை மணல் வீசுவதற்கு முன்னால் நடக்க வேண்டும். பெயிண்டை ஜெல்லால் எடு, சாயம் அடித்துப் பார், அப்புறம்தான் மற்றது.

அதை வெல்டு வைக்கலாமே என்று மச்சான் கேட்டார். ஊரில் வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நூறு வெள்ளிக்குள் முடியும். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. வார்ப்பு ரிம்முக்கு அதன் பலம் வார்த்த பிறகு கொடுத்த சூட்டுப் பக்குவத்தில் வருகிறது. வெல்டு வைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பக்குவம் போய்விடும், தையல் உறுதியாக இருக்கும், அதன் ஓரத்தில் விடும். அதுவும் கையும் ஹப்பும் சேரும் இடத்தில். எனக்கும் அதில் இரண்டாம் கருத்து இல்லை. ரிம் விளிம்பில் ஒரு சின்னச் சொட்டை என்றால் நான் யோசிப்பேன். கையில் விரிசல் என்றால் அது சக்கரம் இல்லை, பழைய அலுமினியம்.

ஜனவரி முழுக்க முன் ரிம்மைச் சரி செய்தோம். கெட்ட பேரிங்கை எடுத்து, குழியில் ஒட்டியிருந்த கோட்டிங்கைத் துளிகூட விடாமல் எடுத்தார், உலோகத்தைத் தொடாமல். பேரிங் வாங்கும்போது பழையதின் ஓரத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். உதாரணத்துக்கு 6202 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, அகலம் 11 மில்லி, எந்தக் கம்பெனி என்றாலும் அதே அளவு. பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கிறது என்று அர்த்தம், நம் மழைக்கும் செம்மண்ணுக்கும் அதுதான் வேண்டும். புதுப் பேரிங்கை ஒரு இரவு பிரீசரில் வைத்திருந்து, ஹப்பை ஹீட் கன்னால் கை பொறுக்காத சூட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். சுத்தியல் தேவைப்படவே இல்லை, வெளி வளையத்தின் அளவுக்கு ஒரு குழாயை வைத்து லேசாகத் தட்டியதோடு சரி. உள் வளையத்தில் தட்டினால் குண்டுகளில் அடி விழும், பேரிங் அன்றே செத்தது. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் வரும், அதைப் போட மறந்தால் அச்சை இறுக்கும்போது பேரிங்குகள் பக்கவாட்டில் நசுங்கும்.

ஏபிஎஸ் விளக்கு அணையாததன் காரணமும் அப்போதுதான் தெரிந்தது. சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் நடுவில் சீரான, சின்ன இடைவெளி இருக்க வேண்டும். வளையம் உட்காரும் இடத்தில் கோட்டிங் கட்டியாக இருந்ததால் வளையம் சாய்ந்து உட்கார்ந்து, சுற்றும்போது ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் விலகியும் ஓடியிருக்கிறது. பிரேக் துடித்ததும் அதே கதைதான், டிஸ்க் முகத்தில் கோட்டிங். இரண்டு இடத்தையும் வெறும் உலோகமாக்கியதும் இரண்டு நோயும் போனது. விளக்கு எரிகிறதே என்று சென்சாரை மாற்றச் சொன்னார்கள் ஒரு கடையில். மாற்றியிருந்தால் அந்தக் காசும் போயிருக்கும்.

பின் ரிம்முக்கு மறுபடியும் தேடல். இந்த முறை தைப்பிங்கில் ஒருவர் விற்கிறார் என்று தெரிந்ததும் மாமாவையும் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். டிஜிட்டல் வெர்னியர் அளவுகோல், என் வண்டியின் ஸ்பேசர், அச்சு, பழைய டிஸ்க், எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு. வாசலில் வைத்தே அச்சைப் போட்டுப் பார்த்தோம், டிஸ்க்கை வைத்துப் பார்த்தோம், சுற்றிப் பார்த்தோம். பெயிண்டு உரிந்து அசிங்கமாகத்தான் இருந்தது, கம்பெனிப் பெயிண்டு. ரிம்மின் மேல் வார்த்திருக்கும் எண்களையும் பார்த்தோம், விட்டம், அகலம் இரண்டும் அங்குலத்தில் இருக்கும், என் டயர் 120/80-18-க்கு அது ஒத்துப்போக வேண்டும். விற்றவர் நல்ல மனிதர், ஒரு மணி நேரம் பொறுமையாக நின்றார். 550 வெள்ளி. வீட்டுக்கு வந்து உரித்து, சாயம் அடித்துப் பார்த்தோம், கோடு எதுவும் எழவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

பெயிண்டை இந்த முறை அடுப்புக்குக் கொடுக்கவில்லை. பவுடர் கோட்டிங் பொதுவாக 180, 200 டிகிரி சூட்டில் வேகும். அலுமினிய ரிம்மைத் திரும்பத் திரும்ப அந்தச் சூட்டில் வைப்பதை மாமா விரும்பவில்லை, முன் ரிம் ஏற்கெனவே ஒரு முறை போய் வந்தது. அலுமினியத்துக்கான பிரைமர் அடித்து, மேலே இரண்டு திரவம் கலந்து அடிக்கும் 2கே பெயிண்டு, 130 வெள்ளி. அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு, சாதாரணத் துணி முகக்கவசம் போதாது, வடிகட்டி வைத்த முகமூடி போட்டுத் திறந்த இடத்தில்தான் அடிக்க வேண்டும். டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் பெயிண்டு படாமல் டேப் ஒட்டி, அங்கே இருந்த வெள்ளைத் துருவை மெல்லிய மணல் காகிதத்தால் தேய்த்துச் சுத்தம் செய்தோம், இல்லாவிட்டால் டியூப்லெஸ் டயர் தினமும் கொஞ்சம் காற்று இறங்கும். காற்று அடித்த பிறகு சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட இல்லை. டயரில் அம்புக்குறி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், என் பின் டயரை முதல் தடவை திருப்பிப் போட்டிருந்தார்கள். சக்கர எடையைச் சமன் செய்து, அச்சையும் டிஸ்க் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவியால்) கையேட்டின் அளவுக்கு இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை பார்த்தோம்.

கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன். முதல் செட் 950, அனுப்பிய கூலி 80, கோட்டிங் 320, கெட்ட பேரிங் 60, ஸ்பேசர் 90, டயர் 480, டயரை இரண்டு முறை ஏற்றி இறக்கிய கூலி 40, சாய டப்பா 110, ஜெல் 45, இரண்டாவது பின் ரிம் 550, பேரிங் 70, பெயிண்டு 130, ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் பெட்ரோல் 75. மாமா கூலி வாங்க மாட்டேன் என்றார், பொங்கலுக்கு வேட்டி சட்டையோடு 200 வைத்துக் கொடுத்தேன். மொத்தம் 3,200 வெள்ளி. புது செட்டை அன்றே 2,400-க்கு வாங்கி அதே டயரைப் போட்டிருந்தால் 2,880-இல் முடிந்து நவம்பரில் ஓட்டியிருப்பேன். நான் ஓட்டியது மார்ச் கடைசியில். நடுவில் வேலைக்கு ஐந்து மாதம் நண்பர் ஒருவரின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

ஏப்ரலில் அத்தை வீட்டுக்குப் போனேன், தனியாகத்தான். மகளை ஏற்ற எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. திரும்பும்போது அதே சாலையில் பின் டயரில் முள் குத்தியிருந்தது, வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். திரி வைத்து அடைத்தேன், கால் மணி நேரம்.

விரிசல் விட்ட பின் ரிம் ரொம்ப நாள் மாமாவின் கொட்டகைச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. படத்தில் பார்த்த ஒருவர், எதற்கு என்று சொல்லாமல், 200 வெள்ளி தருகிறேன் கொடுங்கள் என்று செய்தி அனுப்பினார். அந்தக் காசு எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் கிரைண்டரை வாங்கி, சிவப்புக் கோடு இருந்த கையிலிருந்து தொடங்கி ஐந்து துண்டாக அறுத்து, பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டேன். 27 வெள்ளி கொடுத்தார்கள்.